துணி மிதித்தவர்கள் வீட்டு டாஃப்னி

“கூப்பர்! ரெண்டு மீனு, ஒரு சிப்ஸ், வினிகர் தூக்கலா! உங்க ஆளுங்க பீப்பாய் செஞ்சவங்க, தெரியுமில்ல ராசா?”

பொட்டலத்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது டாஃப்னியின் வழக்கம். மற்ற மீன் கடைகளில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கிலாந்தின் டெவன் பக்கத்து ஆஷ்கோமில், இவள் கடையில் குடும்பப் பெயர்தான். பெயரைச் சொன்னால் தொழில் வரும், தொழில் வந்தால் ஊர் வரும், ஊர் வந்துவிட்டால் வரிசை நகராது. சாயரின் முப்பாட்டன் மரம் அறுத்தவன், சாண்ட்லரின் முப்பாட்டன் மெழுகுவர்த்தி வார்த்தவன். ஸ்மித் என்று யாராவது சொன்னால் மட்டும் முகம் சுருங்கிவிடும். “ஊருக்கு ஒரு கொல்லன் இருந்தான். உன்ன நா எங்கன்னு போய்த் தேடுறது?” என்று உப்பைக் கொஞ்சம் கூடுதலாகவே தூவுவாள்.

டிவியில் படம் முடிந்த பிறகுதான் அவளுக்குப் படம் தொடங்கும். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசியில் ஓடும் பெயர்களைப் படிப்பாள். சாலையில் போகும் வேன்களின் பக்கவாட்டில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடந்து, ஒருமுறை தபால்பெட்டியில் மோதிக்கொண்டாள்.

தன் பெயரென்று வந்துவிட்டால் எண்ணெய் காய்வதே மறந்துபோகும். தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி சல்லடை மாதிரி இருக்கும். அதை ஊறப்போட்டு மிதி மிதியென்று மிதித்தால்தான் இழை நெருங்கிக் குளிர் தாங்கும். அப்படி மிதித்தவனுக்கு வடக்கே வாக்கர் என்று பெயர், தென்கிழக்கே ஃபுல்லர், டெவன் பக்கம் டக்கர். டாஃப்னி, டக்கர். “வெறுந்தண்ணில மிதிச்சாங்கன்னு நெனச்சீங்களா? மூத்திரத்துல! ஊர் மூத்திரம் பூரா சட்டி சட்டியா எங்க வாசலுக்குத்தான் வந்துச்சு” என்று பெருமை பொங்கச் சொல்வாள். கேட்டுக்கொண்டிருப்பவர் வாயில் அப்போதுதான் ஒரு துண்டு மீன் போயிருக்கும்.

கணவன் டென்சில் வெபர். அது நெசவாளியின் பெயர். கல்யாணத்தன்றே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: “நீ நெய்ஞ்சது எங்கிட்டத்தான வந்தாகணும்? நா எதுக்குப் பேர மாத்தணும்?” அன்று தொடங்கிய மிதி இன்னும் நின்றபாடில்லை என்று டென்சில் பப்பில் சொல்லித் திரிகிறான். சொல்லிவிட்டு வீட்டுக்கு ஒழுங்காக வந்து உருளைக்கிழங்கு உரிக்கிறான்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. டாஃப்னிக்குக் கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஊரார் பெயர்களையெல்லாம் அவள் இப்படி இழுத்துப் போட்டுக்கொள்வது எதனால் என்று அவள் கடை வரிசையில் நிற்கும் எனக்குத் தெரியும். அவளிடம் சொன்னதில்லை.

அவளுக்கு ஓர் அண்ணன் கிடைத்தது போனில். ஆம்ப்ரோஸ் டக்கர், அட்லாண்டிக்கின் அக்கரையில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்காரர், மனைவியை இழந்தவர், தன் முன்னோரைத் தேடி அவளை அழைத்தவர். காட் மீன் பிடிக்க டெவன் ஆட்கள் அந்தக் காலத்தில் கப்பலேறிப் போன தீவு அது. தன் குடும்பத்தில் முதலில் போனவன் வில்லியம் டக்கர் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆஷ்கோம் தேவாலயப் பதிவேட்டில், ஜானுக்கும் மேரிக்கும் மகனாக ஞானஸ்நானம் பெற்ற ஒரு வில்லியம் டக்கரை டாஃப்னி கண்டுபிடித்தாள். அவள் நேர்ப்பாட்டன் ஒருவருக்குத் தம்பி. வயதும் கச்சிதமாகப் பொருந்தியது. “ஆப்டுட்டீங்கண்ணே!” என்று போனில் அவள் போட்ட கூச்சலில் டென்சில் கத்தியால் விரலைக் கீறிக்கொண்டான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கொண்டார்கள். பேசியது பெரும்பாலும் தங்கச்சிதான்.

அவர் சொன்ன ஒன்றை மட்டும் அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். “நா பொறந்த கிராமத்தையே கவர்மெண்டு காலி பண்ணிடுச்சு தங்கச்சி. வீட்டக்கூட கடல்ல மெதக்கவிட்டு, படகுல கட்டி இழுத்துட்டு வந்தோம். சொந்த ஊருன்னு சொல்லிக்க எனக்கு இப்ப உங்க ஆஷ்கோம்தான் இருக்கு. கண்ணு நல்லாத் தெரியும்போதே ஒரு தடவ வந்து பாத்துடணும்.”

ஏப்ரலில் வருவதாக டிக்கெட் எடுத்தார். அவர் வருவதற்கு முந்தைய சனிக்கிழமை, கல்லறைத் தோட்டத்தில் படர்ந்த ஐவிக் கொடியை வெட்ட ஊர்க்காரர்கள் கூடினார்கள். டாஃப்னியும் கத்தரிக்கோலோடு போனாள். மூலையில் கிடந்த கொடியை இழுத்ததும் ஒரு சின்னக் கல் வெளியே வந்தது. ஜான் டக்கரின் மனைவி மேரி, அவர்கள் மகன் வில்லியம், வயது இரண்டு. அம்மாவும் பிள்ளையும் ஒரே குளிர்காலத்தில் போயிருந்தார்கள். டாஃப்னி ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறந்ததைப் பார்த்தவள் இறந்ததைப் பார்க்கவில்லை. வம்சம் தேடுபவர்களுக்கு இதைவிட மானக்கேடு கிடையாது. “செத்தானா இல்லையான்னு பாக்காம எவனையும் கப்பலேத்தாதீங்க” என்று வம்சம் தேடுவோர் கூட்டத்தில் எத்தனை பேரை வைத்து அதட்டியவள்!

டென்சில் அன்று முதல்முறையாக யோசனை சொன்னான். “சொல்லாத. மனுசன் வந்து சந்தோசமா இருந்துட்டுப் போகட்டும். அந்த மூலைக்குக் கூட்டிட்டுப் போகாம இருந்தாப் போச்சு.”

“பொய்யா ஒரு அண்ணன வச்சுக்கச் சொல்றியா?”

“நெசமா ஒருத்தன் வச்சிருக்கியா நீ?”

மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கரண்டியை வீசினாள். அவன் குனிந்துகொண்டான்.

ஆம்ப்ரோஸ் பஸ்ஸிலிருந்து இறங்கினார். ஆறடிக்கு மேல் உயரம், கையில் தடி. “தங்கச்சி!” என்று அவளை அப்படியே அணைத்துக்கொண்டார். டீ ஊற்றி வைத்தாள், அவர் தொடவில்லை. “மொதல்ல வில்லியமுக்கு ஞானஸ்நானம் குடுத்த எடத்தக் காட்டு. டீ எங்க போயிடும்?” என்று எழுந்துவிட்டார். மேடேறும் வழியெல்லாம் டாஃப்னி வாயே திறக்கவில்லை. வழியில் பார்த்தவர்கள் அவளுக்கு உடம்பு சரியில்லை என்றே நினைத்தார்கள்.

தேவாலயத்துக்குள் போகாமல் நேரே அந்த மூலைக்குக் கூட்டிப்போனாள்.

“இவன்தான் மிஸ்டர் டக்கர், நா உங்களுக்குச் சொன்ன வில்லியம்.”

அவர் குனிய முடியாமல் தடியை ஊன்றிக்கொண்டு படித்தார். “ரெண்டு வயசா?”

“ஆமா. கப்பலேறுனது வேற வில்லியம். எந்த ஊருக்காரனோ, தெரியல. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். அண்ணன் வேணும்னு ஆசப்பட்டு, செத்த புள்ளைய உங்க தலைல கட்டிட்டேன்.”

காற்று பலமாக அடித்தது.

“அப்ப நா எந்த ஊரும்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

எல்லார் ஊரையும் சொல்லத் தெரிந்தவள் கைக்குட்டைகூட எடுக்காமல் அழுதாள்.

அவர் குளிர் தாங்காமல் கோட்டுப்பையிலிருந்து ஒரு ஜோடிக் கையுறையை எடுத்து மாட்டினார். பலகை மாதிரி தடிப்பு. பின்னலின் ஒரு கண்கூடத் தெரியவில்லை. டாஃப்னியின் அழுகை பாதியில் நின்றது. அவர் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இத யாரு செஞ்சது?”

“எம் பொண்ணு பின்னுனா. பின்னி முடிக்கிறப்ப ரெண்டு கை நுழையிற மாதிரி பெருசா இருக்கும். கடல் தண்ணில நனச்சு, படகுத் தளத்துல போட்டு மிதிச்சு மிதிச்சுத்தான் இப்படி ஆக்குறது. இத மிதிச்சது நாந்தான். எங்கப்பா மிதிச்சாரு, அவங்கப்பனும் மிதிச்சாரு. மிதிக்காத கையுறைல காத்து பூந்துருமே.”

“இத்தன வருசம் போன்ல பேசுனோம். ஒரு வார்த்த சொன்னீங்களா?”

“சொல்லத்தான் வந்தேன் தங்கச்சி. நீ எங்க பேச விட்ட?”

டாஃப்னிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து விக்கல் எடுத்தது. ஏதோ ஓர் ஆற்றங்கரையில் துணி மிதித்துவிட்டு, அதே கால்களோடு கப்பலேறிய யாரோ ஒரு வில்லியம். எந்த ஆறு என்று தெரியாவிட்டால் என்ன, தேடினால் போகிறது.

“தேடுவோம்ணே” என்றாள். “டெவன்ல ஆத்துக்கா பஞ்சம்?”

“பொறுமையாத் தேடு. இந்த வாட்டி ஆளு உசுரோட இருக்கானான்னு பாத்துக்க.”

அவர் இடது கையுறையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். மாட்டியதும் அது அவளுக்குப் பாதி முழங்கை வரை ஏறிக்கொண்டது. உள்ளே அவர் கைச் சூடு இன்னும் இருந்தது. இறக்கம் ஈரமாக இருந்ததால், கையுறை இல்லாத அவருடைய கையைக் கையுறை இல்லாத தன் கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகக் காலை அழுத்தி ஊன்றி இறங்கினாள்.