தொட்டிக் கணக்கு டீச்சர்

வெளிக்குழாயை மூடாமல் தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிற ஆள் நான் இல்லை. இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. ஆனால் நாட்டிலுள்ள கெட்டிக்காரப் பிள்ளைகள் அத்தனை பேரும் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வருஷா வருஷம் தேசிய அளவில் கணிதப் போட்டி நடக்கிறதே, அதில் ஒரு வருஷம் வந்த கேள்வி இது: 'ஒரு பிளம்பர் தொட்டியை நிரப்பும் குழாயைத் திறக்கிறார். வெளியேற்றும் குழாயை மூட மறந்துவிடுகிறார். தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?' எழுதிவிட்டு வந்த என் அக்கா மகன் நேரே கடைக்குள் நுழைந்து, "ஏன் மாமா மறந்தீங்க?" என்று கேட்டான். அன்றைக்கு ஏறிய எரிச்சல் இன்னும் இறங்கவில்லை.

கேள்வி போட்டவர் என் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் கணக்கு டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. முழங்கையில் எப்போதும் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும். மாடிப்படி ஏறும்போது ஏதாவது தோன்றிவிட்டால், ஒரு கால் மேல்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக அப்படியே நின்றுவிடுவார். பால்காரர், மூன்றாவது மாடிக்காரர், பூனை எல்லாரும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். டீச்சருக்கு உதடு மட்டும் அசையும்.

அவர் கண்ணில் பட்டது எதுவும் தப்பாது. ஒருநாள் பெயிண்டர் ஒருவர் சுவரில் ஏணியைச் சாய்த்து மேலே நின்றுகொண்டிருந்தார். டீச்சர் கீழே நின்று, "ஏணியோட கால் சுவத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்தா..." என்று ஆரம்பித்தார். அந்த மனுஷன் வாளியைப் போட்டுவிட்டு இறங்கியே விட்டார். பாதிச் சுவர் பல நாள் வெள்ளையாக நின்றது.

இன்னொரு நாள் நானும் என் மச்சானும் வாசலில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தோம். மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. வேறு வழியில்லாமல் வேலைக்கு வைத்திருக்கிறேன்.

"அண்ணே, நீங்க தனியாத் தோண்டினா எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் டீச்சர்.

"மத்தியானத்துக்குள்ள முடிச்சுடுவேன்."

"அவர் தனியாத் தோண்டினா?"

"சாயங்காலம் ஆகும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து தோண்டினா?"

"நாளைக்குத்தான் முடியும் டீச்சர். இவன் பேசிக்கிட்டே இருப்பான்."

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அது கணக்குல வராதுண்ணே" என்று சொல்லிவிட்டு மாடி ஏறினார். எனக்குப் படிப்பு கம்மி. ஆனால் என் மச்சான் வராத கணக்கு என்ன கணக்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

என் குறையை நான் மனசில் வைத்துப் பூட்டியது கிடையாது. பார்க்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். "ஏன் டீச்சர், எப்பவும் பிளம்பர்தான் மறக்கணுமா? ஒரு டாக்டர் மறக்கட்டுமே."

"டாக்டர் மறந்தா கேள்வி வேற மாதிரி போயிடும்ணே."

"அப்ப அந்தக் குழாய மூடற மாதிரி ஒண்ணு போடுங்க."

"மூடிட்டா கணக்கே இல்ல. யாராவது தப்புப் பண்ணினாத்தானே பிள்ளைங்களுக்கு வேலை?"

கேள்வி போடுகிற மாதம் வந்துவிட்டால் டீச்சர் ஆளே மாறிவிடுவார். முன்னறையைத் தனக்கென்று ஒதுக்கிக்கொள்வார். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அவ்வளவுதான். அந்த அறையில் குழாய்கூடக் கிடையாது. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது அறைக்கு வெளிப்பக்கம் பூட்டுப் போட்டு, சாவியை என் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். "நான் வர்ற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்கண்ணே. என் வீட்டுக்காரர் கேட்டாலும்." வாஷர் பெட்டிக்கு மேலே ஆணியில் அது தொங்கும். வீட்டுக்காரருக்கு மருந்துக்கடையில் வேலை. சாது. ஒரு தடவை சாவியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "என் வேட்டி உள்ள காயுது. பரவாயில்ல. அவ தூக்கத்துல வேற கேள்வி சொல்றா. காதுல பஞ்சு வெச்சுக்கிட்டுப் படுக்கறேன்."

இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் காரணம் இருக்கிறது. கேள்வி வெளியே கசிந்துவிடக் கூடாது. கேள்வி போடுகிறவர் வீட்டில் இருக்கிற பிள்ளை அந்தப் போட்டியை எழுதக் கூடாது என்பது விதி. டீச்சருக்கு ஒரே மகள். அவளால் சிக்கல் வந்ததே இல்லை. கணக்கு என்றாலே தலைவலி என்று சொல்லுகிற பெண். கணக்கு டீச்சர் மகளுக்குக் கணக்கு வரவில்லை என்று தெருவில் ரகசியமாகச் சிரிப்பார்கள். டீச்சர் காதில் விழாத மாதிரி போவார். விழும்.

இந்த வருஷம் நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தபோதுதான் அது வெடித்தது. எனக்குக் கால் மட்டும் வெளியே. கால் இருக்கிற இடத்தில் காது இருக்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

"அம்மா, போட்டிக்கு நான் பேர் குடுக்கறேன். இது கடைசி வருஷம். அடுத்த வருஷம் நான் பள்ளிக்கூடத்துலயே இருக்க மாட்டேன்."

"உனக்குத்தான் கணக்குன்னா தலைவலி ஆச்சே."

"தலையெல்லாம் வலிக்கல. நான் எழுதணும்னு சொன்னா நீ கேள்வி போடறத விடணும். அதான் சொல்லல."

டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "தலைவலின்னு அத்தனை மாத்திரை சாப்பிட்டியேடி?"

"அதெல்லாம் சத்து மாத்திரை. அப்பாவக் கேளு."

அப்பா அந்த நேரம் பார்த்து வேட்டியைக் கொடியில் திருப்பிப் போடப் போய்விட்டார். டீச்சர் குனிந்து என் காலைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, ஒழுகறது நின்னுடுச்சுன்னா வெளிய வந்துடுங்க." நின்று ரொம்ப நேரமாகியிருந்தது.

மறுநாளே போட்டிக் குழுவுக்கு எழுதிக் கொடுத்து விலகிவிட்டார். அவர் இந்த வருஷத்துக்கு அனுப்பிய கேள்விகளையெல்லாம் ரத்துச் செய்துவிட்டார்கள். சாயங்காலம் படி இறங்கி வந்து கடை வாசலில் நின்றார்.

"உங்க கணக்கும் போச்சுண்ணே."

"எந்தக் கணக்கு?"

"இனிமே சொன்னா தப்பில்ல. 'வீட்டுக்காரர் வெளியேற்றும் குழாயைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறார். தொட்டி நிரம்பவே இல்லை. ஒரு பிளம்பர் வந்து அதைக் கண்டுபிடித்து மூடுகிறார். அதன் பிறகு...'" மீதியை அவர் முழுக்கச் சொன்னார். எண்கள் எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. கண்டுபிடித்து மூடுகிறார் என்பது மட்டும் ஏறியது. நாடு முழுக்கப் பிள்ளைகள் படித்திருக்க வேண்டிய வாக்கியம். நான் வாஷர் பெட்டியில் எதையோ தேடினேன்.

"அடுத்த வருஷம் போட்டுடுங்க டீச்சர்."

"என் இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு. அங்க ஒரு தரம் நாற்காலிய விட்டு எழுந்தா எழுந்ததுதான்."

சொல்லிவிட்டுப் படியேறினார். பாதியில் நிற்கவில்லை. ஒரே மூச்சில் ஏறிப் போய்விட்டார். அதுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

அதற்குப் பிறகு மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார் என்று நினைத்தேன். இல்லை. தான் சொல்லிக் கொடுத்தால் தான் போடுகிற மாதிரிக் கேள்விகள்தான் வருமாம், அது அந்தப் பெண்ணைக் கெடுத்துவிடுமாம். அவள் முன்னறையில் உட்கார்ந்து எழுதுவாள், இவர் சமையலறையில் பாத்திரம் துலக்குவார். துலக்கிய பாத்திரத்தையே துலக்குவார். அந்த மாதம் மட்டும் மூன்று தடவை தொட்டி அடைத்துக்கொண்டது.

போட்டி நாள் காலையில் வீட்டுக்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். டீச்சர் போகவில்லை. பரீட்சை மண்டபத்தில் இருக்கிற மேற்பார்வையாளர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். வாசலில் போய் நின்றாலே போதும், அம்மா சொல்லிக் கொடுத்துத்தான் மகள் எழுதினாள் என்று ஒரு பேச்சு வரும். தலைவலிக்காரி என்ற பேரே இப்போதுதான் போயிருக்கிறது. தெருமுனை வரைக்கும் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்தார். "அண்ணே, ஒரு நிமிஷம் மேல வாங்க."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். அது தேவைப்படவில்லை. முன்னறைக் கதவு திறந்திருந்தது. மேஜைமேல் தண்ணீர் பாட்டிலும் விசிறியும் இருந்தன. டீச்சர் உள்ளே போய், வாசற்படியில் நின்று, பூட்டையும் சாவியையும் என்னிடம் நீட்டினார்.

"வெளிய பூட்டிட்டு எடுத்துட்டுப் போயிடுங்க. அவ எழுதி முடிச்சு வர்ற வரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்க. நானே கேட்டாலும்."

"என்ன டீச்சர் இது?"

"காலு நிக்க மாட்டேங்குதுண்ணே. திறந்திருந்தா மண்டபத்துக்கு ஓடிடுவேன்." கதவைத் தானே இழுத்தார். கடைசி இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரிந்தது. "தட்டுவேன். கெஞ்சுவேன். குழாய் உடைஞ்சு ரூம் பூரா தண்ணின்னுகூடக் கத்துவேன். வந்துடாதீங்க."