மூன்றாம் தரம் அடிக்காத மணி

டொக்டருக்குப் படிக்கும் என் பேரன், பிரேசில் நாட்டுப் பழங்கதைகளை வைத்து எடுத்த மாயத் தொடர் ஒன்றைத் தொலைக்காட்சியில் போட்டுவிட்டுப் போனான்.

"பயமெண்டால் நிப்பாட்டுங்கோ அம்மம்மா."

பயமா, எனக்கா?

இன்று பின்னேரம் நாலரைக்கே, நான் இருக்கும் ஜேர்மனியின் பான் நகரம் இருண்டுவிட்டது. தொடரில், பாதம் பின்பக்கம் திரும்பிய காட்டுக்காவலன் ஒரு பெண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்த நேரம் பார்த்து என் வாசல் மணி அடித்தது.

எங்கள் ஊரில் பொழுதுபட்டபின் யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தரத்துக்குத்தான் குரல் கொடுப்போம். பேய் மூன்றாம் தரம் கூப்பிடாது. அசையாமல் இருந்தேன். இன்னொரு தரம் அடித்தது. பிறகு சத்தமே இல்லை.

கொஞ்ச நேரத்தால் போன் வந்தது. தூரத்தில் ஹாலே நகரில் இருக்கும் என் சிநேகிதி சறோ.

"அக்கா, இஞ்ச ஒரு கலியாணத்துக்கு வந்தனான். உங்கட மணியை ரெண்டு தரம் அடிச்சுப் பாத்தன். ஆக்கள் இல்லையெண்டு வெளிக்கிட்டிட்டன். இப்ப ரெயில்ல போறன்."

"இன்னொருக்கா அடிச்சிருக்கலாமே, சறோ."

"ஏன் அக்கா, மணி பழுதோ?"

"ஓம்" என்றேன்.

இந்த மாதம் அந்த மணியை அடித்தது அவள் ஒருத்திதான்.

இனி முதல் மணிக்கே திறப்பேன். பேயே வந்தாலும் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். பான் பக்கம் யார் யார் இருக்கிறீர்கள்?