மிதிக்கும் கால், நிற்கும் கால்

என் வலது பாதத்தைத் தன் தொடைமேல் எடுத்து வைத்துக்கொண்டுதான் சபீனா வேலையைத் தொடங்குவார். அவர் பிசியோதெரபிஸ்ட். நான் வசிக்கும் இந்தச் சிறிய ஜெர்மானிய ஊரில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் அவருடைய அறை இருக்கிறது. பாதம் அவர்மேல் பட்ட கணத்தில் என் வலது கை தானாக எழும். அவருடைய தோளைத் தொட்டுவிட்டு என் கண்களில் ஒற்றிக்கொள்ளும். யார்மீதாவது கால் பட்டுவிட்டால் அப்படிச் செய்ய வேண்டும் என்பது ஆம்பூரில் நடக்கப் பழகியபோதே உடம்பில் ஏறிய பழக்கம். இத்தனை ஆண்டுகளில் அது இறங்கவில்லை. சபீனா முதல் நாள் அதைக் கவனித்துவிட்டுத் தலை சுற்றுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அடுத்த முறையும் நான் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது சன்னலைத் திறந்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அதன்பின் ஒவ்வொரு சந்திப்பிலும் நான் வருவதற்கு முன்பே சன்னல் திறந்திருக்கிறது, தண்ணீர் காத்திருக்கிறது. விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த நாட்டில் நான் விளக்க வேண்டியவை ஏற்கெனவே நிறைய இருக்கின்றன. ஒன்றையாவது விளக்காமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. தண்ணீரைக் குடித்துவிடுகிறேன்.

கணுக்கால் புரண்டது இது மூன்றாம் முறை. நாற்பதை நெருங்கும் வயதில் வாள்வீச்சு கற்கத் தொடங்கினேன் என்று சொன்னால், சினிமாவில் சேர்ந்துவிட்டாயா என்று ஊரில் கேட்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில், வியாழக்கிழமை மாலைகளில், என்னைப் போன்ற நடுவயதுக்காரர்கள் சிலர் வெள்ளைச் சட்டையும் கம்பிவலை முகமூடியும் அணிந்து, முனை மழுங்கிய வாளால் ஒருவரையொருவர் குத்த முயல்கிறோம். குத்துவதற்குப் பாயும்போது வலது கால் ஒரு முழுத் தாவலாக முன்னே போய் இறங்கும். உடம்பின் பாரமெல்லாம் அதன்மேல் வரும். பாதம் நேராக இறங்கினால் நல்லது. வெளி விளிம்பில் இறங்கினால் கணுக்கால் மடங்கிவிடும். எனக்கு மடங்கியது. முதல் முறை வீங்கி வடிந்ததும் திரும்பிப் போனேன். இரண்டாம் முறையும் அவசரப்பட்டேன். மூன்றாம் முறை, சென்ற இலையுதிர் காலத்தில், ஜவ்வு பாதி கிழிந்துவிட்டது. இன்னொரு தரம் புரண்டால் வாளை ஆணியில் மாட்டிவிட வேண்டியதுதான் என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். சபீனா அதற்கு மேல் ஒரு நிபந்தனை வைத்தார். காலையில் பல் துலக்கி முடிக்கும்வரை எதையும் பிடிக்காமல் வலது காலில் மட்டும் நிற்க வேண்டும். அது முடிகிற நாளில்தான் என்னை மறுபடி கூடத்துக்கு அனுப்புவார்.

கேட்பதற்கு எளிது. ஆனால் சுளுக்கில் ஜவ்வு மட்டும் கிழிவதில்லையாம். எந்தத் தரையில், எந்தச் சாய்வில் நிற்கிறோம் என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகளும் மழுங்கிப்போகின்றனவாம். ஜவ்வு சில வாரங்களில் ஆறிவிடும். தான் எங்கே இருக்கிறோம் என்பதைக் கால் மீண்டும் கற்றுக்கொள்ளத்தான் மாதக்கணக்காகும் என்றார் சபீனா. இதைச் சொல்லிவிட்டு அவர் என்னைப் பற்றியும் ஒரு வேடிக்கை சொல்லிவிட்டதுபோல என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பதற்குச் சக்தி இருக்கவில்லை.

அந்த வியாழக்கிழமைகள் எனக்கு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். காலணி இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை. நம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பெட்டிகள் என் மேசையில்தான் திறக்கப்படும். தையலையும் குதிகாலையும் நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சரக்கு தாமதமானால் இங்கிருப்பவர்கள் மொத்த ஆம்பூரும் நான்தான் என்பதுபோலப் பார்ப்பார்கள். சரக்கு திருப்பி அனுப்பப்பட்டால், அங்கிருப்பவர்கள் நான் பிறவியிலேயே ஜெர்மன்காரி என்பதுபோலத் தொலைபேசியில் பேசுவார்கள். இரண்டு தரப்புக்கும் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்போது வாரம் முடிந்திருக்கும். முகமூடியைப் போட்டுக்கொண்ட பிறகு மட்டுந்தான் என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. என்னோடு வழக்கமாக ஆடுபவர் டீட்டர், ஓய்வுபெற்ற தபால்காரர். ஆட்டம் முடிந்ததும் முகமூடியைக் கழற்றி, கையுறை இல்லாத கையை எதிராளிக்கு நீட்ட வேண்டும் என்பது இந்த விளையாட்டின் மரியாதை. வலக்கையில் வாள் பிடிப்பவர்களுக்கு அது இடக்கை. முதல் மாலை டீட்டர் இடக்கையை நீட்டியபோது நான் என்னுடையதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். இடக்கையால் ஒரு தேநீர்க் குவளையைக்கூட நான் யாருக்கும் கொடுத்ததில்லை. தோற்றதில் எனக்குக் கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டார். மறுவாரம் மனைவி செய்த பிளம் கேக்கை ஒரு டப்பாவில் கொண்டுவந்தார். இப்போது நான் யோசிக்காமல் இடக்கையைக் கொடுக்கிறேன். நான் வராத வியாழக்கிழமைகளில் எப்போது வருவாய் என்று அவரிடமிருந்து செய்தி வரும். இந்த ஊரில் எனக்கு வரும் செய்திகளில் சரக்கைப் பற்றியதல்லாதது அது ஒன்றுதான்.

ஊரில் என் கால்களுக்கு வேறொரு கதை உண்டு. நான் தலை முன்னே வந்து பிறந்தவள் இல்லை; கால் முன்னே வந்து பிறந்தவள். அதிலும் இடது கால். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பும் சுளுக்கும் விட்டுப்போகும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. என் அம்மா ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை பார்த்தார். தைக்கும் தோலின்மேல் நாளெல்லாம் குனிந்தே இருக்கும் வேலை. எனவே பிடிப்புக்குப் பஞ்சமில்லை. ஷிப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கும் பெண்கள் சாப்பாட்டுப் பையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நான் வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டு எழுந்திருப்பேன். மிதிப்பது என்று பெயரே தவிர, பாரத்தை இறக்கக் கூடாது. குப்புறப் படுத்திருப்பவரின் பக்கத்தில் வலது காலில் முழுதாக நின்றுகொண்டு, இடது பாதத்தை இடுப்பிலிருந்து கீழ்நோக்கி மூன்று முறை இழுக்க வேண்டும். அவ்வளவுதான். படுத்திருந்தவர் எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். நன்றி சொன்னால் பிடிப்பு திரும்பி வந்துவிடும். ஒரு நாளில் எத்தனையோ தடவை டாங்கே, டாங்கே என்று சொல்லவும் கேட்கவும் நேர்கிற இந்த ஊரில், என் சிறுவயது முழுக்க எனக்கு யாருமே நன்றி சொல்லாமல் நடந்துபோனதை நினைத்துக்கொள்வேன். அந்த முதுகுகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், நம்பிக்கையை என்னிடம் யாரும் கேட்கவில்லை, காலைத்தான் கேட்டார்கள். கொடுத்தேன்.

வருடக் கடைசியில் ஊருக்கு விடுப்பில் போனபோது காலில் கறுப்புப் பட்டி கட்டியிருந்தேன். பக்கத்து வீட்டு நூருன்னிசா அக்கா வந்து, கட்டிலில் நீட்டியிருந்த என் காலைச் சுற்றி வந்து பார்த்தார். அம்மாவோடு ஒரே லைனில் வேலை பார்த்தவர். இன்னமும் வேலைக்குப் போகிறவர்.

“ஊருக்கெல்லாம் புடிப்பு எடுத்த காலு. கடைசியில அதுக்கே பட்டி போட்டாச்சா?”

அது மிதிக்கிற கால் இல்லை, மற்றது என்றேன்.

“அப்ப தொழிலுக்கு ஒண்ணும் கொறையில்ல. வா மா, ரெண்டு நாளா இடுப்பு ஒரே பேஜாரா கீது,” என்று சொல்லிவிட்டு அவரே பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

பட்டியைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். இடது காலைத் தூக்கினேன். அந்தக் கணம்வரை, மிதிப்பது முழுக்க இடது காலின் வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அத்தனை ஆண்டுகளாக என்னைத் தாங்கி நின்றது மற்ற கால் என்பது அது நடுங்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. கணுக்கால் வெளிப்பக்கமாகச் சரிந்தது. நான் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். என் இடது பாதம் அக்காவின் இடுப்பில் படாமல் பாயின் ஓரத்தில் பொத்தென்று விழுந்தது. அக்கா அசையவில்லை. சற்று நேரம் அப்படியே படுத்திருந்துவிட்டு, “இப்ப கொஞ்சம் கம்மியாத்தான் கீது,” என்று பாயைப் பார்த்துச் சொன்னார். பேசக் கூடாது என்ற விதியை மீறி அவர் சொன்ன பொய் அது. சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “போதும் நூரு. இனிமே யாரும் அவள கேக்காதீங்க. அவளுக்கே நிக்க முடியல,” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. பரிவாகத்தான் சொன்னார். அதன் பிறகு என்னைப் பார்க்க வந்த பெண்களுக்கு வாசலிலேயே டீ கொடுத்துப் பேசி அனுப்பினார். அம்மாவும் உட்கார்ந்து எழும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் எழுகிறார் என்பதைக் கவனித்தேன். என்னிடம் கேட்கவில்லை. நானாக முன்வரவும் இல்லை. எனக்கு என் காலைப் பற்றிப் பயமாக இருந்தது. திரும்பி வரும் வழியில், காட்பாடியைத் தாண்டிய ரயிலில் காலை எதிர் இருக்கையில் நீட்டி வைத்துக்கொண்டு நினைத்தேன்: அங்கே ஒரு வியாழக்கிழமை, இங்கே ஒரு பாய். இரண்டு ஊரிலும் எனக்கென்று இருந்த இடங்கள் அவ்வளவுதான். ஒரே கணுக்கால் இரண்டிலிருந்தும் என்னை வெளியே அனுப்பிவிட்டது.

திரும்பி வந்தபின் ஒவ்வொரு நாள் காலையும் குளியலறையில் நிற்கிறேன். பல் துலக்கும் தூரிகையை வாயில் வைத்து, இடது காலைத் தூக்கி, எதிர்ச் சுவரில் பதித்த ஓட்டில் ஒரு புள்ளியைப் பார்க்கிறேன். கீழ்ப் பற்களைத் தாண்டுவதற்குள் இடது கை போய்க் கைகழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். ஜவ்வு உறுதியாகத்தான் இருக்கிறது, கை ஏன் போகிறது என்று சபீனாவுக்கே விளங்கவில்லை. டீட்டரின் செய்திகளும் குறைந்துவிட்டன. அவருக்கு வேறு ஆள் கிடைத்திருக்கலாம். அதைப் பற்றி வருந்தக்கூட அலுப்பாக இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை, வெளியே இன்னும் இருட்டாக இருந்தபோது, அப்படி நின்றுகொண்டிருக்கையில் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் நூருன்னிசா அக்கா. என் வாயில் நுரை.

“இன்னா, இப்பத்தான் பல்லு வெளக்கறியா? இங்க சோறு வடிச்சாச்சு.” பிறகு குரலைத் தாழ்த்தினார். கேஸ் சிலிண்டரை நகர்த்தப்போய் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாளாகிறது. வேலூருக்குப் போய் டாக்டரிடம் காட்டியாகிவிட்டது. எலும்பில் ஒன்றுமில்லை, பிடிப்புதான், மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கச் சொன்னாராம். என்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். “நீ அங்கேர்ந்தே ஒரு தரம் மிதிச்சிடு, கலா,” என்றார்.

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “அவள ஏன் தொந்தரவு பண்ற? அதெல்லாம் போன்லயா ஆவும்?”

“நிக்காவே போன்ல நடக்குது. காலு போவாதா? நீ குப்புறப் படு.”

வாய் நிறைய நுரை. போனைத் தரையின் நடுவில், திரை மேலே தெரியும்படி வைத்தேன். அங்கே அக்கா தன் போனை அம்மாவுக்கு மேலே பிடித்திருக்க வேண்டும். என் குளியலறைத் தரையில், ஓடுகளுக்கு நடுவே, அம்மாவின் இடுப்பு தெரிந்தது. வெளிறிப்போன நைட்டி, அதன்மேல் பாயின் கோடுகள்போல மடிப்புகள். அம்மா இவ்வளவு சிறுத்துப்போனதை நேரில் போயிருந்தபோது நான் கவனிக்கவில்லை.

“வெளிச்சம் கம்மி. ஆனா உள்ளங்காலு நல்லா தெரியுது,” என்றார் அக்கா.

வலது காலில் நின்று, இடது பாதத்தைத் திரைக்குச் சற்று மேலே கொண்டுபோய், இடுப்பிலிருந்து கீழ்நோக்கி இழுத்தேன். மெதுவாக, பாரம் இறங்காமல். மறுபடியும். மூன்றாம் முறை இழுத்து முடித்தபோது அம்மா ஒரு கையை ஊன்றி எழுந்தார். மற்றொரு கை இடுப்பில்தான் இருந்தது. போனைப் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. முறைப்படி, முதுகைக் காட்டிக்கொண்டு திரையைவிட்டு நடந்து போனார். அவரைத் தாங்கிப் பிடிக்கப் போகும் அவசரத்தில் அக்கா போனைப் பாயின்மேல் போட்டுவிட்டார் போலும். திரை ஒருமுறை ஆடிவிட்டு நின்றது. இப்போது அதில் எங்கள் வீட்டுக் கூரையும், சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. தூரத்தில் ஏதோ பாத்திரச் சத்தம்.

வாயில் நுரை காய்ந்து இறுகத் தொடங்கியிருந்தது. வலது கையில் தூரிகை. இடது கை எதையும் பிடிக்காமல் நெஞ்சருகே சும்மா இருந்தது. தொட்டியின் விளிம்பு எட்டாத தூரத்தில் இருந்தது. வலது பாதத்தின் கீழே ஓடு சில்லிட்டது. அதன் குளிரை முழுப் பாதத்திலும், வெளி விளிம்பிலும்கூட, உணர முடிந்தது. தூக்கிய இடது காலுக்குக் கீழே ஆம்பூரில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. காலை இறக்கினால் அதன்மேல்தான் வைக்க வேண்டியிருக்கும். அவர்களாக வந்து போனை எடுக்கட்டும் என்று நான் அப்படியே நின்றேன்.