ஐந்து ஃபைலை ஒன்றாக்கியவன்

பல ஃபைல்களை ஒன்றாகச் சேர்க்கும் வேலையில் இருப்பவர்களே, சேர்ப்பது சுலபம். எது எங்கிருந்து வந்தது என்று பிறகு கேட்பார்களே, அங்கேதான் நாமெல்லாம் மாட்டிக்கொள்கிறோம்.

நான் எட்டாவது வரை படித்தவன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், ஓசூரில் பல்சக்கரம் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். சக்கரங்களின் துளையை அளக்க ஐந்து மெஷின்கள். ஷிப்ட் முடிந்ததும் ஒவ்வொன்றும் தான் அளந்ததை வரிவரியாக ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதி வைக்கும். ஐந்தையும் ஃபிளாப்பியில் எடுத்து, ஒரே ஃபைலாக்கி, பெங்களூரில் சக்கரம் வாங்குகிறவர்களுக்கு அனுப்புவது என் வேலை.

ஐந்து தலை

முதல் நாள் ஐந்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி அனுப்பினேன். வரிகளை இரண்டு முறை எண்ணினேன், சரியாக இருந்தது. ஆனால் அந்த வகை ஃபைலுக்குத் தொடக்க வரி ஒன்றுதான் இருக்கலாம், எல்லாவற்றையும் சுற்றி ஒரே உறைதான் இருக்கலாம் என்று எனக்குத் தெரியாது. பெங்களூர்க்காரர் போனில் கேட்டார்: "ஏன்ரீ, ஒரு உடம்புக்கு அஞ்சு தலை வெச்சு அனுப்பினா, நான் எந்த மூஞ்சிக்கு வணக்கம் சொல்றது?"

கோமதியின் கேள்வி

பிறகு எங்கள் கம்பெனிக் கம்ப்யூட்டர்காரர் ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தார். அது சேர்த்து முடித்ததும் நான் எண்ணுவேன். ஐந்து ஃபைலின் வரிகளைக் கூட்டியதும் சேர்த்த ஃபைலின் வரி எண்ணிக்கையும் ஒன்றென்றால் நோட்டில் ஒரு டிக். உடனே ஐந்து மூல ஃபைல்களையும் மெஷினிலும் ஃபிளாப்பியிலும் அழித்துவிடுவேன். ஒரே கணக்கு இரண்டு இடத்தில் கிடந்தால் எனக்குப் பிடிக்காது.

நாலாவது மெஷினில் கோமதி. நாகரசம்பட்டிப் பெண், காண்ட்ராக்டில் வந்தவள், அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டியவள். ஒரு நாள் என் திரையை எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு வரியிலும் சக்கரத்தின் எண், துளையின் அளவு, அவ்வளவுதான். மெஷின் எது என்பது மூல ஃபைலின் பெயரில் மட்டுமே இருந்தது. அதைத்தான் நான் அழித்துக்கொண்டிருந்தேன். "எண்ணிக்கை சரியா இருக்கும்மா" என்றேன். மெஷின் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கம்ப்யூட்டர்காரரை இன்னொரு முறை தொந்தரவு செய்யக் கூச்சம். அவள் விடவில்லை: "எண்ணிக்கை இருக்குதுங்ணா, இதுல என்னுது எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

முப்பத்தெட்டு சக்கரம்

மூன்று வாரத்தில் முப்பத்தெட்டு சக்கரங்கள் திரும்பி வந்தன. துளை பெரிது, எங்கள் ஃபைலில் மட்டும் அளவு சரியாக இருந்தது. ஏதோ ஒரு மெஷின் தப்பாக அளந்திருக்கிறது. மேற்பார்வையாளர் மஞ்சுநாத் வந்து, "புதுப் பொண்ணு கைதான்னு எல்லாரும் சொல்றாங்க பெரியவரே, இல்லேன்னு காட்ட ஏதாவது இருக்குதா?" என்றார். நோட்டை நீட்டினேன். அதில் டிக்தான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமையோடு கோமதியை நிறுத்தினார்கள். அடையாள அட்டையை ஒப்படைத்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்: "அழிக்காம ஒரு மாசம் வெச்சிருந்தா போதுமேங்ணா."

இரண்டாவது மெஷின்

அதன் பிறகுதான் கூச்சத்தை விட்டுக் கம்ப்யூட்டர்காரரிடம் போனேன். அரை மணி நேர வேலை. ஒவ்வொரு வரியோடும் அது வந்த ஃபைலின் பெயரும் விழ ஆரம்பித்தது. இரண்டு மாதத்தில் அதே கோளாறோடு பன்னிரண்டு சக்கரங்கள் திரும்பி வந்தன. பன்னிரண்டு வரிகளிலும் இரண்டாவது மெஷினின் பெயர். மெக்கானிக் பிரித்துப் பார்த்து, அளக்கும் முனை தேய்ந்து ஆறு மாதமாவது இருக்கும் என்றார். அந்தப் பன்னிரண்டு வரிகளையும் ஒரு தாளில் எடுத்துக்கொண்டு மஞ்சுநாத்திடம் ஓடினேன். அவர் படித்துவிட்டுத் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: "தப்புதான் பெரியவரே, ஆனா அந்தப் பொண்ணு இடத்துல ஆள் வந்தாச்சே."

குருபரப்பள்ளியில்

அடுத்த மாங்காய் சீசனில், குருபரப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் கோமதியைப் பார்த்தேன். மாம்பழக் கூழ் கம்பெனியில் வேலையாம். இரண்டாவது மெஷின் விஷயத்தைச் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். பஸ் படியில் கால் வைத்தபடி சொன்னாள்: "பல தோப்புப் பழத்தையும் ஒண்ணாக் கொட்டித்தாங்ணா அரைக்கறோம்; கொட்டறதுக்கு முன்னாடி எது எந்தத் தோப்புன்னு எழுதிக்கறேன், யாரும் சொல்லல, நானாத்தான்."

பதினோரு வருடத்தில் என் எண்ணிக்கை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. கோமதி போன பிறகு ஐந்து மெஷினுக்கு நாலு பேர் நின்ற அந்தத் திங்கட்கிழமைக்குக்கூடச் சரியாக எண்ணி டிக் போட்டிருக்கிறேன்.