அப்பாவும் அந்தக் கிழட்டு எஞ்சினும்

எங்கள் அப்பா இறைவனடியில் இளைப்பாறத் தொடங்கி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் சூரியன் மறைகிற கடலும் அதில் ஒரு வள்ளமும் வரவேண்டும் என்று கனடாவிலிருக்கும் சித்தப்பா விரும்பினார். படத்தையும் அவரே அனுப்பிவைத்தார். இணையத்தில் எடுத்த, யாரோ ஒருவருடைய வள்ளம். அந்தப் படத்தில் வள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. அது எங்களுடையதல்ல என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஆகவே அட்டையில் அப்பாவின் அடையாள அட்டைப் படமே இருக்கிறது. “கடலன்னையின் செல்லப்பிள்ளை” என்ற வரியையும் வெட்டிவிட்டேன். கோபிப்பவர்கள் கோபிக்கட்டும். எழுதும் பொறுப்பை மூத்த மகளான என்னிடம் தந்துவிட்டீர்கள். கண்டதைத்தான் எழுதுவேன்.

அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்தார், அங்கேயே படித்தார், அங்கேயே முடிந்தார். துறைமுகத்தில் எழுதுவினைஞராக வேலை. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணி எழுதுவதற்கு ஒரு மேசை, மேசைக்கு எதிரே ஒரு யன்னல், யன்னலுக்கு வெளியே கடல். ஓய்வு பெறும்வரை கடலைப் பார்த்தாரே தவிர அதில் கால் நனைத்தவரல்லர். இனக்கலவரத்தில் வீடு எரிந்தபோது அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் கோயில் மண்டபத்தில் இருத்திவிட்டு, அதே காணியில் அதே இடத்தில் வீட்டைத் திரும்பக் கட்டினார். வேலையில் ஒருவரிடமும் கை நீட்டியதில்லை. பொய் பேசமாட்டார். எஞ்சின் விஷயத்தில் மட்டும் வாய் கூசாமல் பொய் சொன்னார்.

அம்மா மன்னார்ப் பக்கம். அம்மாவின் ஒரேயொரு அண்ணன் எஞ்சின் வள்ளத்தில் தொழிலுக்குப் போய்த் திரும்பி வராதவர். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது என்று மற்ற வள்ளக்காரர் வந்து சொன்னார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அம்மா கடலுக்கு முகம் கொடுப்பதில்லை. காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போனாலும் கடலுக்கு முதுகைக் காட்டியபடி இருந்துதான் இறால் வடை தின்பார்.

இப்படிப்பட்டவரைக் கட்டிய அப்பா, ஓய்வு பெற்ற கையோடு, ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் ஒரு பழைய வள்ளத்தையும் அதைவிடப் பழைய எஞ்சின் ஒன்றையும் வாங்கினார்.

“இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரே?” என்று அம்மா கேட்டார்.

“பொழுது போகவேணுமே,” என்றார் அப்பா.

அம்மா அதற்குமேல் ஒரு சொல் பேசவில்லை. அம்மா பேசாமல் விட்டால் பயப்பட வேண்டும் என்பது அப்பாவுக்கு அத்தனை வருடத்திலும் விளங்கவில்லை.

இனி அந்த எஞ்சினைப் பற்றி. பதினைந்து குதிரைவலு என்று அதன் மூடியில் எழுதியிருந்தது. பதினைந்தும் நொண்டிக் குதிரைகள். எங்களிடம் வரும்போதே உப்பு அரித்து, மூன்று நிறத்தில் தீந்தை பூசி, முந்திய சொந்தக்காரரின் முகத்தில் பெரிய நிம்மதியோடு வந்தது. கயிற்றை இழுத்தால் இருமும். இன்னொருமுறை இழுத்தால் புகை கக்கும். மூன்றாம் முறை கயிறு அறுந்து அப்பாவின் கையோடு வரும். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பூட்டினால் காபரேட்டர் அடைக்கும். காபரேட்டரைக் கழுவினால் தண்ணீர் இழுக்கிற ரப்பர்ச் சக்கரம் தேய்ந்து எஞ்சின் கொதிக்கும். எல்லாம் சரியாக இருக்கிற நாளில், வேறு வேலையில்லாமல், தண்ணீருக்குள் சுற்றும் விசிறியைப் பிடித்திருக்கும் ஆணி முறியும். அந்த ஆணிக்குப் பதிலாக அப்பா எங்கள் சமையலறை அகப்பைக் காம்பை வெட்டிப் போட்டார். அதுதான் அதிக காலம் உழைத்தது.

இதற்குச் சாமான் தேடிப் புறக்கோட்டைக் கடைகளுக்கு அலைந்தவள் நான். அலுவலகச் சேலையோடு போய், பையிலிருந்து எண்ணெய் வடிகிற இரும்பை எடுத்து மேசையில் வைப்பேன். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளேயிருப்பவரைக் கூப்பிடுவார். அவரும் வந்து பார்ப்பார். பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

முகத்துவாரத்தில் ஒரு சிங்கள பாஸ் இருந்தார். நேர்மையான மெக்கானிக். இரண்டாம் முறை திறந்து பார்த்தபோதே சொல்லிவிட்டார். “அங்கிள், இது எஞ்சின் இல்ல. கரும. வித்துப் போடுங்க.”

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “அப்பிடிச் சொல்லாத, பாஸ். காலமையில அதுக்குக் குளிர் பிடிக்கிறது. வேறொண்டுமில்ல.”

நாங்கள் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு பெனடோலோடு முடித்துக்கொண்ட மனிதர், எஞ்சினுக்குக் குளிர் பிடிக்கிறது என்று எங்கள் பழைய போர்வையைக் கொண்டுபோய்ப் போர்த்தார்.

பாஸ் கைவிட்ட இடத்தில் சித்தப்பா கை கொடுத்தார். கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் முகத்தைக் காட்டி, “காபரேட்டரைக் கழுவச் சொல்லு, பிள்ளை. இஞ்ச நாங்களெல்லாம் அப்பிடித்தான்,” என்பார். எஞ்சின் கொதித்தாலும் காபரேட்டர், ஆணி முறிந்தாலும் காபரேட்டர். தன்னுடைய காருக்குக் காற்றுப் போனால் கொம்பனிக்குப் போன் எடுத்துவிட்டு வீட்டுக்குள் இருக்கிற ஆள் அவர். ஊருக்குத்தானே உபதேசம். கரையில் நின்ற அப்பாவின் சிநேகிதர்களும் இலேசுப்பட்டவர்களல்லர். அப்பா வியர்த்து ஒழுகக் கயிறு இழுத்துக்கொண்டிருக்கும்போது, மீன்காரரின் வாடிக் கொட்டில் நிழலில் பிளேன்டீயோடு இருந்து, “இன்னும் கொஞ்சம் வேகமா இழு” என்பார்கள். ஒருவராவது எழுந்து வந்து இழுத்ததை நான் காணவில்லை.

அப்பா கடலுக்குப் போகும் நாள் புதன்கிழமை. எஞ்சின் பெரும்பாலும் சண்டித்தனம் பண்ணுவதும் புதன்கிழமை. கங்கை என்று நாங்கள் சொல்லும் அந்த ஆற்றுக்குள் கொஞ்சத் தூரம் உற்சாகமாக ஓடும். கழிமுகத்தைக் காணுமுன்னே நின்றுவிடும். அப்பா துடுப்புப் போட்டுத் திரும்பி வந்து, பெற்றோல் டாங்கைத் தோளில் சுமந்தபடி வீட்டுக்குள் நுழைவார். கரையில் விட்டால் களவு போகும் என்று டாங்கை மட்டும் ஒவ்வொரு முறையும் கொண்டுவந்து குசினி யன்னலுக்குக் கீழே வைப்பது வழக்கம். களவெடுக்கிறவன் எஞ்சினையும் சேர்த்துக் கொண்டுபோனால் நல்லது என்று நான் நேர்ந்துகொண்டதுமுண்டு.

“இண்டைக்கும் கிளம்பயில்ல,” என்பார் அப்பா.

“சரி. கையக் கழுவிப்போட்டு வாங்கோ, சாப்பிட,” என்பார் அம்மா. அந்தச் சாப்பாட்டில் எப்போதும் ஒரு பொரியல் கூடுதலாக இருக்கும்.

ஒரேயொரு புதன்கிழமை எஞ்சின் முழுசாக ஓடியது. கழிமுகத்தைத் தாண்டி, அலையைத் தாண்டி, கரை மெல்லிய கோடாகத் தெரியும் தூரம்வரை ஓடியது. அங்கே போய்க் கொதித்து நின்றது. துடுப்புக்கு அடங்காத நீரோட்டம். போனும் எடுபடவில்லை. மத்தியானமாகியும் ஆள் வராததால், காய்ச்சலோடு படுத்திருந்த அம்மா எழுந்து, ஓட்டோ பிடித்து என்னோடு முகத்துவாரத்துக்குப் போனார். என் வாழ்நாளில் அம்மா கடலைப் பார்த்தபடி நின்றதை அன்றுதான் கண்டேன். கையில் செபமாலை இருந்தது, ஆனால் உதடு அசையவில்லை. பொழுதுசாயும் நேரம் வேறொரு வள்ளம் அப்பாவைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அப்பா சிரித்தபடி கையாட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த எஞ்சினைக் கழற்றிக் கடலில் தள்ளியிருப்பேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா அந்தோனியார் கோயிலுக்கு வழக்கமாகக் கொண்டுபோகும் ஒரு போத்திலுக்குப் பதிலாக இரண்டு போத்தில் கொண்டுபோய்த் தீர்த்தம் எடுத்து வந்தார். பயபக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு இருதயம் பலவீனமானது. அதுவும் எஞ்சினிடம் பழகிய பழக்கமோ என்னவோ, நின்று நின்று ஓடியது. ஆஸ்பத்திரியில் ஒருநாள் பின்னேரம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன்.

“பிள்ளை, பின்னால சாமான் பெட்டிக்குள்ள ஒரு போத்தில் கிடக்கு. எறிஞ்சிடாத.”

“என்னப்பா அது?”

“தீர்த்தம்.”

எனக்கு விளங்கவில்லை. அப்பா மெல்லச் சொன்னார்.

“கொம்மா செவ்வாய்க்கிழமையில டாங்குக்குள்ள ஊத்திறவ. பெற்றோலுக்கு வரிசையில நிண்ட காலத்தில, கலப்படமோ எண்டு போத்திலுக்க விட்டுப் பாத்தனான். காலமை பாத்தா அடியில தண்ணி. வீட்டில வச்சு வேற ஆர் ஊத்திறது? அதுக்குப் பிறகு புதனுக்குப் புதன் வடிச்செடுத்து அந்தப் போத்திலுக்க விட்டு வச்சிருக்கிறன். தீர்த்தத்தை ஊத்தைக் கானுக்க ஊத்தலாமே?”

“அம்மாட்டச் சொல்லியிருக்கலாமே?”

“அந்தோனியார் என்னைக் காப்பாத்திறார் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறா. தீர்த்தத்தாலதான் எஞ்சின் நிக்குது எண்டு தெரிஞ்சா அந்தரப்படுவா. நீயும் சொல்லாத.”

“தண்ணியை வடிச்ச பிறகும் நிண்டதே, அப்பா?”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அது அதின்ர குணம்.”

சில நாட்களில் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சொந்தக் கட்டிலில், அம்மா நெற்றியில் கை வைத்திருக்க, நித்திரையிலேயே போனார். நான் வாக்குக் கொடுத்தபடி ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையையும் தீர்த்தக் கதையை விட்டுவிட்டுத்தான் முதலில் எழுதினேன். எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா?”

“ஓம்.”

“நான் தீர்த்தம் ஊத்தினதை எழுதயில்ல?”

என்ன சொல்லி மழுப்புவது என்று யோசிக்குமுன் அம்மாவே தொடங்கிவிட்டார்.

“பெற்றோலுக்க தண்ணி போனா எஞ்சின் நிக்கும் எண்டு எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிற? எங்கட அண்ணைக்கு எஞ்சின் கழுவிக் குடுத்ததே நான்தான்.”

“தெரிஞ்சுகொண்டா ஊத்தினீங்கள்?”

“தெரிஞ்சபடியாத்தான் ஊத்தினனான். கங்கைக்குள்ள நிண்டா துடுப்புப் போட்டு வந்திடுவார். வெளியில போய் நிண்டாத்தானே வரேலாது. அண்டைக்கு இழுத்துக்கொண்டு வந்தாங்களே, அந்தக் கிழமை எனக்குக் காய்ச்சல். கோயிலுக்குப் போகயில்ல, ஊத்தயில்ல. அதுதான் அவ்வளவு தூரம் போச்சு.”

“அப்ப பைப் தண்ணியை ஊத்தியிருக்கலாமே, அம்மா. அதுக்கேன் தீர்த்தம்?”

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். புறக்கோட்டைக் கடைக்காரரே பரவாயில்லை.

“புருசன்ர எஞ்சினுக்குப் பைப் தண்ணி ஊத்தினா அது பாவம்.”

பின்னால் போய்ப் போத்திலை எடுத்துவந்து அம்மாவின் கையில் கொடுத்தேன். கீழே தண்ணீரும் மேலே பெற்றோலுமாகப் பிரிந்து நின்றது. அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா போத்திலை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“கள்ளன்,” என்றார். “எல்லாம் தெரிஞ்சுகொண்டு, என்னட்ட வந்து ஒண்டும் தெரியாத பிள்ளை மாதிரிச் சோறு திண்டிருக்கிறார்.”

பிறகு போத்திலை மடியில் வைத்துக்கொண்டார்.

“பரவாயில்ல. கட்டில்லதானே செத்தவர். எங்கட அண்ணைக்கு அது கிடைக்கயில்ல. எழுது, எல்லாத்தையும் எழுது.”

எழுதிவிட்டேன்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் இருக்கிறார்கள். அன்று தன் தொழிலை விட்டுவிட்டு அப்பாவைக் கட்டி இழுத்து வந்தவருக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. உண்மையைச் சொன்ன பாஸுக்கு நன்றி. ஆஸ்பத்திரியில் இரவு பகலாகப் பார்த்தவர்களுக்கும், இறுதித் திருப்பலியை ஒப்புக்கொடுத்த சுவாமிக்கும், சாப்பாடு கொண்டுவந்த அயலவர்க்கும், பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும் நன்றி. வாடி நிழலில் இருந்த சிநேகிதர்கள் அன்றுதான் முதன்முதலாக அப்பாவுக்காக எழுந்து நின்று பாரம் தூக்கினார்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. சித்தப்பாவுக்கும் நன்றி, காபரேட்டர் சுத்தமாக இருக்கிறது. எஞ்சினுக்கு நன்றி கிடையாது. அது குசினிக்குப் பின்னால் கிடக்கிறது. வேண்டியவர்கள் கேளாமலே கொண்டுபோகலாம்.

போன செவ்வாய்க்கிழமை அம்மாவும் நானும் சேமக்காலைக்குப் போய் அப்பாவின் கல்லறையைத் துப்புரவாக்கினோம். மெழுகுதிரி கொளுத்தினேன். அம்மா பைக்குள்ளிருந்து அந்தப் போத்திலை எடுத்து, மூடியைத் திறந்து, தலைமாட்டில் கொஞ்சம், கால்மாட்டில் கொஞ்சமாக ஊற்றினார். பெற்றோல் மணத்தது. அந்த மணம்தான் புதன்கிழமைகளில் அப்பாவின் சேட்டிலும் கையிலும் இருந்தது. எத்தனை முறை மூக்கைப் பொத்திக்கொண்டு, “குளிச்சிட்டு வாங்கோ, அப்பா” என்று விரட்டியிருப்பேன். இந்த ஒரு வருடத்தில் அழாத அழுகையெல்லாம் எனக்கு அங்கேதான் வந்தது.

அம்மா என் தோளைத் தட்டினார்.

“அழுறதைப் பிறகு அழு, பிள்ளை. முதல்ல அந்த மெழுகுதிரியைத் தள்ளி வை. பத்திக்கொள்ளப் போகுது.”