டிராகன் மோதிரத்தால வந்த வினை

ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்தில மட்டக்களப்பில வெள்ளைக்காரப் பட்டாளம் வந்து இறங்கியிருந்தது. நாவற்குடாவில தங்கச்சி வீட்டு முன்பத்தியிலதான் என்ர பட்டறை. முந்தி அது எங்கட அம்மாட வீடு. எங்கட பக்கத்தில வீடு பெண் பிள்ளைக்குத்தானே. அது தங்கச்சிக்குச் சீதனமாப் போயிற்று, நான் கலியாணம் கட்டி மனிசிட ஊரான குருக்கள்மடத்துக்குப் போயிற்றன். தொழிலுக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் வருவன். தங்கச்சிட புருஷன், என்ர மச்சான், அவனும் தட்டார்தான். எதிரெதிரா இருந்து வேலை செஞ்சம்.

ஒருநாள் ஒரு சிப்பாய் வந்தான். வேல்ஸ் எண்ட நாட்டுக்காரனாம். சிகரெட் பெட்டி அட்டையில ஒரு மிருகத்தைக் கீறித் தந்து, பொன் மோதிரத்தில இது வேணும் எண்டான். தங்கட கொடியில நிக்கிற டிராகனாம். நான் டிராகனை எங்க கண்டன்? கோயில் தேரில இருக்கிற யாளியை நினைச்சு, நல்ல வடிவா ஒரு தும்பிக்கையும் வைச்சிற்றன். அவன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சான். எனக்கு ரோசம் வந்திற்று. மறுகா உடும்பு ஒண்டைக் கட்டி வைச்சுப் பார்த்து, சிறகும் அம்பு போல நாக்கும் சேர்த்து, முன்னங்கால் ஒண்டைத் தூக்கினபடி அச்சு வெட்டினன். அந்த மோதிரத்தைப் போட்டுப் பார்த்து அவன் கண் கலங்கிப் போனான். பிறகு அவன்ட கூட்டாளிமாரும் வரத் தொடங்கினாங்கள். எனக்குத் தலைகால் தெரியல்ல.

அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல். பத்து நாள் குருக்கள்மடத்தில பாயோட கிடந்தன். எழும்பி வந்தா, வாசலில அந்தச் சிப்பாயும் இன்னொருத்தனும் நிக்கிறாங்கள். மற்றவன்ட விரல் பச்சையாக் கிடக்கு. மோதிரத்தை வாங்கி உரைகல்லில உரைச்சன். முலாம் பூசின பித்தளை! அச்சு என்ர அச்சு, நான் காய்ச்சலில கிடக்க அதில தட்டினது மச்சான். கேட்டா அந்த நாய் கூசாமல் சொல்லுறான், "இவர் செஞ்சு வைச்சதைத்தான் நான் எடுத்துக் குடுத்தன்." சிப்பாய் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில எரியுது.

கதை ஊரெல்லாம் பரவிற்று. பித்தளை கலந்தவன் எண்டு பேர் எடுத்தா, தாலிக்குப் பொன் உருக்க எவன் கூப்பிடுவான்? களுதாவளைப் பிள்ளையார் கோயிலில சத்தியம் எண்டு முடிவாச்சு. கோயிலைப் பார்க்கிற வண்ணக்கர் சொன்னார், "நீங்க ரெண்டு பேரும் வேணாம். வீட்டில இருந்த பொம்பிளை கற்பூரம் அணைக்கட்டும்." எனக்குப் பெரிய ஆறுதல். ஒரு தாய்ட பால் குடிச்சவள், பிள்ளையாருக்கு முன்னால பொய் சொல்லுவாளா எண்டு நினைச்சன்.

தங்கச்சி தலை முழுகி ஈரச் சீலையோட வந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கல்ல. "அண்ணன்தான் செஞ்சவர்" எண்டு சொல்லி, எரிஞ்ச கற்பூரத்தை உள்ளங்கையால பொத்தி அணைச்சாள்.

வீதியில மறிச்சுக் கேட்டன். "ஏன் புள்ள இப்படிச் செஞ்ச?"

"அவர்ட பேர் கெட்டா நான் எங்க போறது? நீங்க மனிசிட ஊரில எப்படியும் பிழைச்சுக்குவீங்க. பட்டறைச் சாமானை நாளைக்கே எடுத்திருங்க."

எடுத்திற்றன். மச்சானை ஒரு மனிசனாவே நான் கணக்கெடுக்கல்ல. ஆனா அவள் அப்படியா? சில வருசத்தில அவள்ட மகளுக்குக் கலியாணம் வந்திச்சு. தாய்மாமன் எண்டு என்னையும் கூப்பிட்டாள். போனன். தாலிக்குப் பொன்னுருக்க முற்றத்தில வேற ஊர்த் தட்டார் ஒருத்தன் இருந்தான். தாய்மாமன் இருக்க ஏன் வேற ஆள் எண்டு ஆரோ கேட்க, என்ர காது கேட்கச் சொன்னாள், "அண்ணன்ட கை சுத்தமில்லைதானே."