சுந்தராம்பாள் கேட்ட மறுசீட்டு

செந்துறைச் சந்தையில் சுந்தராம்பாள் கடலை விற்ற காலத்தில், அவளுக்குப் பக்கத்தில் கூடை போட்டுக் கொத்தமல்லி விற்றவள் நான். அவளைக் கிளிப் பைத்தியம் என்று பேசினவர்கள் உண்டு. பேசினவர்கள் யாரும் அன்றைக்கு அந்தப் புளியமரத்தடியில் இல்லை.

அவள் புருஷன் நடராசன் முப்பத்தேழாம் வருஷம் மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனான். மாதம் தவறாமல் கடுதாசி வரும். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்ததோடு அது நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்தைக்கும் அவள் புளியமரத்தடியில் கிளி ஜோசியர் காசிநாதன் முன்னால் போய் உட்கார ஆரம்பித்தாள்.

கிளி ஒரு சீட்டு எடுக்கும். அதன் பலன் விளங்காவிட்டால் இன்னொன்று எடுக்கச் சொல்லலாம். அதற்கு மறுசீட்டு என்று பெயர். இவள் ஒன்றோடு விடமாட்டாள். அனுமார் வந்தால், "தகவல் வரும்னா எப்ப வரும்? அதுக்கு ஒரு சீட்டு எடுக்கச் சொல்லுங்க" என்பாள். சுடுகாட்டில் நிற்கும் அரிச்சந்திரன் வந்த நாளில் ஏழு மறுசீட்டு கேட்டாள். கிளிக்கே அலுத்துப்போய்க் கூண்டுக்குள் நுழைந்துகொண்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நல்லது வர்ற வரைக்கும் கேப்பியாடி?" என்று திட்டுவேன். நாலு வருஷத்தில் அந்தச் சீட்டுக் கட்டில் இருந்த இருபத்தேழு படமும் அவளுக்கு மனப்பாடம்.

சண்டை முடிந்து மலாயா ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். நடராசன் வரவில்லை. அவன் தம்பி நல்லுசாமி கெட்டவனில்லை. "அண்ணன் போயிருந்தா, கருமாதி பண்ணாம அலையவிட்ட பாவம் நமக்கு வேணாம் அண்ணி" என்று அழுதான். உயிரோடு இருக்கிறவருக்குக் கருமாதி செய்வது அதைவிடப் பாவம் என்றாள் இவள். கடைசியில் கிளியே சொல்லட்டும் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். கெட்ட சீட்டு வந்தால் தாலியைக் கழற்றிவிடுகிறேன் என்று அவளே வாக்குக் கொடுத்தாள்.

அடுத்த சந்தையில் போய் உட்கார்ந்தோம். கிளி முதலில் எடுத்தது வள்ளியோடு நிற்கும் முருகன். நல்லுசாமி மறுசீட்டு கேட்டான். அனுமார் வந்தார். இன்னொன்று கேட்டான், மகாலட்சுமி. எட்டுச் சீட்டு எடுத்தும் எட்டும் நல்லதாகவே வந்தன. "அண்ணன் வந்துரும் அண்ணி" என்று அவனே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நானும் சந்தோஷத்தில் அவள் தோளைத் தட்டி எழுப்பப் பார்த்தேன்.

சுந்தராம்பாள் எழுந்திருக்கவில்லை. "இன்னும் எடுக்கச் சொல்லுங்க" என்றாள். கட்டு தீரும்வரை எடுக்கச் சொன்னாள். துணியில் பரவிக் கிடந்த படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"அரிச்சந்திரன் எங்கங்க? சனீஸ்வரனைக் காணும். ராகுவும் இல்ல."

காசிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். மடியிலிருந்து மூன்று சீட்டை எடுத்து வைத்தார்.

"உடையார்பாளையத்துக்காரர் ஒருத்தர் திரும்பி வந்திருக்காரும்மா. சயாமுல ரயில் ரோடு போட இழுத்துட்டுப் போன எடத்துல ஒங்க வூட்டுக்காரருக்குப் பேதி கண்டுருக்கு. இவருதான் பொதைச்சாராம். ஒங்ககிட்ட சொல்ல மனசு வராம எங்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டாரு. எனக்கும் வாய் வரலம்மா."

அவள் அழவில்லை. அரிச்சந்திரனைக் கையிலெடுத்துக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மற்ற சீட்டுகளோடு வைத்தாள்.

"இதையும் சேத்தே கட்டுங்க. நாளைக்கு இன்னொருத்தி வருவா. அவளுக்காவது மொத சீட்டுலயே தெரியட்டும்."

நல்லுசாமி பக்கம் திரும்பி, "நாள் பாருங்க தம்பி" என்றாள்.

நாலு வருஷமாக அவளைத் திட்டினவள் நான். இன்னும் ஒரே ஒரு மறுசீட்டு கேட்கமாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.